முதலில் போட்ட பெயர்

மாப்பிள்ளையின் கார் ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டது என்று போன் வந்த அதே நேரத்தில், பஞ்சநதம் மஹாலின் வாசலில் இருந்த புது எல்இடி போர்டு ஒரு தடவை அணைந்து மறுபடி எரிந்தது. அணைவதற்கு முன்னால் அதில் 'அறிவுச்செல்வன் – மதிவதனி' என்று ஓடிக்கொண்டிருந்தது. எரிந்த பிறகு 'பஞ்சநதம் – பிரகதாம்பாள்' என்று ஓடியது. அதற்குக் கீழே, 'திருமண வரவேற்பு. வருக வருக.'

பஞ்சநதம் வாசலில்தான் நின்றிருந்தார். அவர் மஹாலின் உரிமையாளர். நன்னிலத்தைச் சுற்றி நாலு ஊரில் மதிப்புள்ள மனிதர். போன சித்திரையில்தான் அறுபது முடிந்தது. பிரகதாம்பாள் அவருடைய சொந்த மனைவி. தாலி கட்டி முப்பத்தைந்து வருஷம் ஆகிறது.

“ரெஜின்!” என்று அவர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ரெஜின் வேளாங்கண்ணிப் பையன். போர்டைச் செய்து மாட்டியவன் அவன்தான். முதல் கல்யாணம் முடிகிற வரைக்கும் கூடவே இருக்க வேண்டும் என்று பஞ்சநதம் கண்டிஷன் போட்டிருந்ததால், வாசலை ஒட்டிய மேனேஜர் ரூமில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்தான்.

“என்னடா இது? நான் என்ன ரெண்டாம் கல்யாணமா பண்ணிக்கிறேன்?”

“போர்டு ரீஸ்டார்ட் ஆயிடுச்சுங்கய்யா. கரண்டு போயிட்டு வந்திருக்கு.”

“கரண்டு எங்கடா போச்சு?”

ஜெனரேட்டர் பார்க்கும் மூஸா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “நான்தாங்க மாத்திப் பாத்தேன். மாப்பிள்ளை வர்ற நேரத்துல கழுத்தறுக்கக் கூடாது, ஒரு தடவை ஓட்டிப் பாருன்னு நீங்கதானே சொன்னீங்க? நல்லா ஓடுது.”

தான் சொன்னதை மறுக்கும் பழக்கம் பஞ்சநதத்துக்குக் கிடையாது. காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார். இப்போதும் அப்படியே இருந்தார்.

ரெஜின் போனில் நாலு தட்டுத் தட்டினான். மாப்பிள்ளையின் கார் வாசல் அலங்கார வளைவுக்குள் நுழைந்தபோது 'அறிவுச்செல்வன் – மதிவதனி' என்று போர்டு பழையபடி ஓடத் தொடங்கியது. பஞ்சநதம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து, பன்னீர் தெளித்து, சம்பந்திகளை உள்ளே அனுப்பிவிட்டு ரெஜினைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா வைரக்கண்ணு வேதாரண்யத்துப் பக்கம் பெரிய உப்பளக்காரர். பைபாஸில் புதிதாகத் திறந்திருக்கும் ஏசி மஹாலில்தான் கல்யாணம் என்று முடிவாகியிருந்ததை, பஞ்சநதம் நேரில் போய்க் கெஞ்சிக் கூத்தாடி இங்கே இழுத்து வந்திருந்தார். பைபாஸில் லிஃப்ட் இருக்கிறது, தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு இருக்கிறது. அதற்கெல்லாம் பதிலடியாக இவரிடம் இருந்தது இந்த ஒரு போர்டுதான். “இது நல்லபடியா முடியட்டும், மத்த ரெண்டு புள்ளைங்க கல்யாணமும் உனக்குத்தான்” என்று வைரக்கண்ணு சொல்லியிருந்தார். நல்லபடியாக முடியாவிட்டால் கடலோரம் முழுக்கச் சொல்லிவிடுவார் என்பதை அவர் சொல்லத் தேவையில்லை.

“ஒரு செகண்டு கரண்டு போனா பேரை மறந்துடுமா? இதுக்கு நான் ஒரு ஆளை ஏத்தி சாக்பீஸ்ல எழுதியிருப்பேனே!”

“ஐயா, இதுல மெமரி கார்டு கிடையாது. வச்சா நம்ம ஊரு கரண்டு போயிப் போயி வர்றதுல கெட்டுப்போயிடும். அதனால ரேம் டிஸ்க் வச்சிருக்கேன்.”

“அப்படின்னா?”

“கரண்டு வந்ததும் கெர்னல்னு ஒண்ணு முதல்ல முழிச்சுக்கும். சிப்புக்குள்ள ஒரு மூட்டையச் சுருட்டி வச்சிருக்கேன். அத எடுத்து மெமரியில விரிச்சு, அதுலயே குடியேறிடும். நாம பேரு மாத்துறது எல்லாம் அந்த விரிச்ச இடத்துலதான். கரண்டு போனா அது மொத்தமும் போயிடும். மறுபடி வரும்போது முதல்ல சுருட்டி வச்ச மூட்டைதான் புதுசா விரியும். உங்க மண்டபம் மாதிரிதாங்க. இன்னிக்குக் கட்டுன தோரணம் எல்லாம் நாளைக்கு இருக்காதுல்ல?”

“ஏன்டா, என் மண்டபத்துல மறுநாள் பாத்தா என் பேரும் என் பொண்டாட்டி பேருமா தொங்குது? அந்த மூட்டைக்குள்ள எங்க பேர் எப்படிடா போச்சு?”

ரெஜின் தலையைச் சொறிந்தான். “டெஸ்ட்டுக்கு ரெண்டு பேர் வேணும்னு உங்களுக்குத்தான் போன் பண்ணேன். நீங்க அறுப்பு மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு, வீட்டுல கேளுன்னு வச்சிட்டீங்க. அம்மா அவங்க பேரைச் சொன்னாங்க. உங்க பேரை வாயால சொல்லல. திறப்பு விழாக் கல்லுல இருந்ததைக் கையக் காட்டுனாங்க.”

பிரகதாம்பாள் அரக்குப் பட்டுப்புடவையில், சந்தனக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றிருந்தாள். வருகிறவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் கொடுப்பது அவள் தானாக எடுத்துக்கொண்ட வேலை.

“உனக்கு வேற பேரே கிடைக்கலையா?” என்று பஞ்சநதம் பாய்ந்தார்.

“தம்பி ஒரு ஆம்பளை பேரும் ஒரு பொம்பளை பேரும் கேட்டுச்சு. எம் பேரோட பக்கத்து வீட்டுக்காரர் பேரையா சேத்துச் சொல்ல முடியும்?” என்றாள் அவள்.

பதில் இல்லாத கேள்வி. பஞ்சநதத்துக்குப் பதில் இல்லாத கேள்விகள்மேல் எப்போதும் கோபம்தான் வரும். இப்படித்தான் சித்திரையில் ஒரு நாள், “அறுபது முடிஞ்சுதே, திருக்கடையூர் போக வேண்டாம், நம்ம மண்டபத்துலயே ஒரு மாலைய மாத்தி ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? நம்ம கல்யாணத்துல எடுத்த பிலிமுதான் வெளிச்சம் பட்டு மொத்தமும் வெளுத்துப்போச்சு” என்று கேட்டாள். பஞ்சநதம் போனில் முகூர்த்த நாட்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “மண்டபத்துல தேதி இல்ல” என்று சொன்னார். சொந்த மண்டபத்தில், சொந்த மனைவியிடம். சீசன் நேரத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டாளே என்று கோபம் வேறு. அவள் ஒன்றும் பேசவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

“முதல்ல கத்துக்கிட்டத மட்டும் மறக்காதுன்னு சொல்லு தம்பி” என்றாள் பிரகதாம்பாள், ரெஜினுக்கும் ஒரு கல்கண்டை நீட்டியபடி.

“ஆமாங்கம்மா. எத்தனை தடவை அணைச்சாலும்.”

“நீ வேற அவளுக்குப் பாடம் எடுக்காத. போயி போர்டைப் பாரு!” என்றார் பஞ்சநதம்.

அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கூட்டம் சேரத் தொடங்கியது. வேன்கள் வந்து நின்றன. ஒன்றிய கவுன்சிலர் நாலு பேரோடு காரிலிருந்து இறங்கினார். சரியாக அப்போது போர்டு ஒரு தடவை அணைந்தது. மறுபடி எரிந்தது.

பஞ்சநதம் – பிரகதாம்பாள். வருக வருக.

கவுன்சிலர் அண்ணாந்து படித்தார். முகம் மலர்ந்தது. “அடடா! அறுபதாங் கல்யாணமா? சொல்லவே இல்லையே!”

“இல்லிங்க, அது வந்து—”

“பெரிய மனுஷன் பாருய்யா. ஆடம்பரம் இல்லாம அடுத்தவங்க கல்யாணத்தோட கல்யாணமா முடிச்சுக்கிறாரு!” என்று கூட வந்தவர்களிடம் சொன்ன கவுன்சிலர், மாப்பிள்ளைக்கென்று கொண்டுவந்திருந்த பொன்னாடையை விரித்துப் பஞ்சநதத்தின் தோளில் போர்த்தினார். அடிப்பொடி ஒருவர் கையிலிருந்த ரோஜா மாலையும் கழுத்தில் விழுந்தது. கை தட்டினார்கள். பிரகதாம்பாள் சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள். பளிச்சென்று ஃப்ளாஷ் அடித்தது.

“யோவ் போட்டோக்காரரே! என்னை ஏன்யா புடிக்கிற? உள்ள போயி மாப்பிள்ளையப் புடி!” என்று பஞ்சநதம் போர்டைப் பார்த்தபடியே கத்தினார்.

வைரக்கண்ணு வெளியே வந்தார். போர்டைப் பார்த்தார். மாலையும் பொன்னாடையுமாக நிற்கும் பஞ்சநதத்தைப் பார்த்தார்.

“என்னய்யா பஞ்சநதம்? எம் புள்ள கல்யாணச் செலவுலயே உன் கல்யாணத்தையும் முடிச்சுக்கலாம்னு பாக்குறியா?”

“அண்ணே, சத்தியமா இல்லண்ணே. கரண்டு போயிப் போயி வருது. இந்த மின்வாரியத்துக்காரனுங்க—”

“கரண்டு போச்சா? உள்ள ஏசி ஓடிக்கிட்டுதானேய்யா இருக்கு?”

“ஒரு ஃபேஸ் மட்டும் போகுதுண்ணே. முகப்பு லைட்டு, போர்டு எல்லாம் அந்த ஒரு ஃபேஸ்லதான் இருக்கு.”

வைரக்கண்ணு முறைத்துவிட்டு உள்ளே போனார். பஞ்சநதம் மாலையைக் கழற்றக்கூட மறந்து, மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“ஏங்க, கல்யாண மண்டபத்துல இப்படி ஃபேஸைப் புடுங்குறீங்களே, உங்க வீட்டுல கல்யாணம் காட்சி நடக்காதா?”

“எந்த ஃபேஸும் போகலைங்க. மூணும் இருக்கு. உங்க லைன்ல இன்னிக்கு சப்ளை நிக்கவே இல்ல” என்றார் மறுமுனையில் இருந்தவர், நிதானமாக.

“பொய் சொல்லாதீங்க! என் கண்ணால பாத்தேன்!”

“உங்க மெயின் ஸ்விட்ச்சைப் பாருங்க. யாராவது கை வச்சிருப்பாங்க.”

“என் மெயின் ஸ்விட்ச் ரூம் பூட்டியிருக்கு. சாவி என் வீட்டுக்காரி இடுப்புல இருக்கு. ஒரு ஈ எறும்பு உள்ள போக முடியாது. உங்க யோக்கியதையைப் பத்தி நாளைக்கே கலெக்டருக்கு மனு போடுறேன்!” என்று போனை அணைத்தார். நாட்டில் ஒருவனாவது தன் தப்பை ஒத்துக்கொள்கிறானா என்று போர்டின் இரும்புத் தூணைப் பார்த்துக் கேட்டார்.

ரெஜின் மேனேஜர் ரூமில் கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த யூபிஎஸ்ஸைக் கழற்றி, போர்டின் ஒயரை அதில் மாட்டினான். “இனிமே கரண்டு போனாலும் கவலை இல்லிங்கய்யா. பேட்டரியில ஓடும்.”

“இத முதல்லயே பண்றதுக்கு என்ன கேடு?”

“முதல்லயே கேட்டேன். கம்ப்யூட்டருக்கே அது பத்தாதுன்னு நீங்கதான்—”

பஞ்சநதத்துக்கு அதுவும் காதில் விழவில்லை.

ஆனால் யூபிஎஸ் மாட்டிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேனேஜர் ரூமிலிருந்து கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. போர்டு அணைந்தது. ஒரு நிமிஷம் கழித்து, பஞ்சநதமும் பிரகதாம்பாளும் மறுபடி உலகத்தை வருக வருக என்று அழைத்தார்கள்.

பஞ்சநதம் ரூமுக்குள் பாய்ந்தார். உள்ளே, மணப்பெண்ணின் சித்தி மகளை நாற்காலியில் உட்கார வைத்து, பியூட்டி பார்லர் ஜூலியட் தலைமுடியை நேராக்கும் மெஷினோடு திகைத்து நின்றிருந்தாள். மெஷினின் ஒயர் நேராக யூபிஎஸ்ஸுக்குள் போயிருந்தது.

“யாரும்மா உன்னை இதுல சொருகச் சொன்னது?”

“மணமகள் ரூம்ல கூட்டமா இருந்துச்சுங்க சார். பட்டுப்புடவை கட்டுன ஒரு அம்மாதான், இந்த ரூம்ல காலியா ஒரு பிளக் இருக்கு, நல்லா சூடேறும்னாங்க.”

பட்டுப்புடவை கட்டாத அம்மா அந்த மண்டபத்தில் ஒருத்திகூட இல்லை என்பதால் விசாரணை அத்தோடு முடிந்தது. “முடியை நேராக்குறதுக்கு என் மானத்தைக் கோணலாக்கிட்டியேம்மா!” என்று புலம்பிக்கொண்டே பஞ்சநதம் வெளியே ஓடினார். வாசலில் இரண்டு பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, நூறு வருஷம் வாழ வேண்டும் என்று வாழ்த்தினார்கள். ஒருத்தர் சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் திணித்தார். மறுபடி ஃப்ளாஷ் அடித்தது. அடித்தது யார் என்று திரும்பிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

“ரெஜின்! இந்த ஒட்டு வேலையெல்லாம் வேணாம், ஒயரைப் பழையபடி கரண்டுலயே மாட்டிடு. அந்த மூட்டையவே மாத்து. எங்க பேரை உள்ளேருந்து அடியோட தூக்கு. மாப்பிள்ளை பொண்ணு பேரைச் சுருட்டி வை.”

“அத அவசரத்துல பண்ணக் கூடாதுங்கய்யா. புதுசாக் கட்டி, சிப்புல எழுதி, ரூம்ல வச்சு நல்லா ஓட்டிப் பாத்துட்டுதான் போடணும்.”

“பண்ணுன்னா பண்ணு. பண்றதுதான் பண்ற, வெறும் பேரு எதுக்கு? மாப்பிள்ளை பொண்ணு போட்டோ வரட்டும். மேலேருந்து ரோஜாப்பூ கொட்டட்டும். வைரக்கண்ணு அண்ணன் வாயடைச்சு நிக்கணும்.”

“அவ்வளவுக்கு இடம் பத்தாதுங்க.”

“ஆயிரம் பேர் உக்கார்ற மண்டபத்துல இடம் பத்தாதா? வேண்டாதத எடுத்துப் போட்டுட்டுப் பூவை வைடா!”

ரெஜின் வேளாங்கண்ணி மாதாவை மனசுக்குள் வேண்டிக்கொண்டு உட்கார்ந்தான். போட்டோவை உள்ளே வைத்தான். பூவை வைத்தான். மூட்டை வீங்கியது. எந்த ஃபைலை எடுக்கலாம் என்று தேடினான். பின்னால் நின்ற பஞ்சநதம், “அந்த நீளப் பேரு என்னடா, அத எடு, அது எதுக்கு அவ்வளவு பெருசா?” என்று திரையில் விரலால் குத்தினார். “ஐயா, அது—” என்று அவன் தொடங்குவதற்குள், “எடுன்னா எடு!” என்றார். எடுத்தான். மூட்டை கட்டிச் சிப்பில் எழுதி, போர்டை அணைத்துப் போட்டான்.

வைரக்கண்ணுவை பஞ்சநதமே கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்திருந்தார். “பாருங்கண்ணே. இப்ப பாருங்க. பூ கொட்டும்.”

பூ கொட்டவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக இங்கிலீஷ் எழுத்துகள் கொட்டின. கடைசி வரி மட்டும், பன்னிரண்டு அடி அகலத்துக்கு அசையாமல் நின்றது. வாசலில் நின்ற கூட்டம் முழுவதும் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தது.

வைரக்கண்ணுவின் மச்சினர் ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “கெர்னல் பேனிக்... அட்டெம்ப்ட்டட் டு கில்...” என்று படித்தார். குரல் மாறியது. “மாமா, பேனிக்னா பீதி. கில்னா கொலை. அட்டெம்ப்ட்னா முயற்சி. செக்‌ஷன் முந்நூத்தேழு. ஜாமீன்ல வர முடியாது.”

“யாரைக் கொலை பண்ண?” என்றார் வைரக்கண்ணு.

“அதுக்கப்புறம் இனிட்டுன்னு போட்டிருக்கு. நம்ம சொந்தத்துல அப்படி யாரும் இல்ல. பொண்ணு வீட்டுப் பக்கம் இருக்கலாம்.”

பெண் வீட்டார் நாலு பேர் பதறி முன்னால் வந்தார்கள். தங்களுக்கும் அப்படி யாரும் இல்லை என்றார்கள்.

“அது மெஷின் பாஷைங்க!” என்று ரெஜின் ஓடிவந்து கத்தினான். “மூட்டையில ஐயா எடுக்கச் சொன்ன ஃபைல் ரொம்ப முக்கியமானது. அது இல்லாததால, முதல்ல எந்திரிக்க வேண்டிய இனிட்டுங்கிற புரோகிராம் எந்திரிச்ச உடனே செத்துப்போச்சு. அதான் கெர்னல் அலறுது. கொலை எல்லாம் ஒண்ணும் இல்ல!”

“செத்துப்போச்சுன்னு அவனே சொல்றான் பாருங்க” என்றார் மச்சினர்.

வைரக்கண்ணு துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: “பஞ்சநதம், மொதல்ல உன் பேரைப் போட்ட. பொறுத்துக்கிட்டேன். உனக்கு மாலை போட்டாங்க. அதையும் பொறுத்துக்கிட்டேன். கல்யாண வீட்டு வாசல்ல கொலை, பீதின்னு எழுதிப் போட்டிருக்கியே, நீ மனுஷனாய்யா? இன்னொரு தடவை அந்த போர்டுல எம் புள்ள பேரைத் தவிர வேற ஏதாவது ஓடுச்சுன்னு வச்சுக்க, காலையில முகூர்த்தம் பைபாஸ் மஹால்லதான். அங்க இப்பவே ஆளனுப்பிக் கேட்டாச்சு. மண்டபம் காலியாத்தான் இருக்கு.”

இந்த மஹாலைப் பஞ்சநதம் கல் கல்லாகப் பார்த்துக் கட்டியவர். பந்தல் போட்டுச் சாமானோடு கிளம்பிய கல்யாணம் பாதியில் எதிரி மண்டபத்துக்குப் போனால், அப்புறம் இந்தக் கட்டடத்தில் நெல் மூட்டைதான் அடுக்க வேண்டும்.

“பழசையே போடு” என்றார் ரெஜினிடம்.

“பழசைப் போட்டா முதல்ல உங்க ரெண்டு பேர் பேரும்தான் வரும். அப்புறம்தான் மாத்த முடியும். ஒரு ரெண்டு நிமிஷம் ஆகும்.”

“அந்த ரெண்டு நிமிஷம் நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்டார். போர்டுக்கு அடியில் ஸ்டூலைப் போட்டு ஏறி, கவுன்சிலர் போர்த்திய பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, தன் பெயரைத் தானே மறைக்கப் பார்த்தார். பொன்னாடை நாலு முழம். போர்டு பன்னிரண்டு அடி. 'பஞ்ச'வை மறைத்தால் 'பிரக' தெரிந்தது, 'பிரக'வை மறைத்தால் 'பஞ்ச' தெரிந்தது. கழுத்தில் ரோஜா மாலை ஆட, அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எம்பிக்கொண்டிருந்தார். பிரகதாம்பாள் ஓடிவந்து ஸ்டூல் பக்கத்தில் நின்றாள்.

“இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்களேன்” என்றாள்.

“திரும்புற நேரமாடி இது? ஸ்டூலைப் புடி!”

பிடித்தாள். ஃப்ளாஷ் அடித்தது. “எவன்டா அவன்?” என்று பஞ்சநதம் போர்டைப் பார்த்தபடியே கர்ஜித்தார். அதற்குள் பெயர் மாறிவிட்டது. நல்லவேளை, அந்த ரெண்டு நிமிஷத்தில் வைரக்கண்ணுவைப் பந்திக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

அதன் பிறகு போர்டு அசையவில்லை. பந்தி ஒன்று முடிந்தது, இரண்டாவது தொடங்கியது. 'அறிவுச்செல்வன் – மதிவதனி' என்று அழகாக, ஒரு எழுத்துகூடத் தடுமாறாமல் ஓடிக்கொண்டே இருந்தது. பஞ்சநதம் அதற்கு நேரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைரக்கண்ணு கை கழுவிவிட்டு வந்தார். வாயில் வெற்றிலை. நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

“அசோகா அல்வா நல்லா இருந்துச்சுய்யா. நெய் மணக்குது.”

“உங்களுக்காகவே திருவையாத்து மாஸ்டரை வரவழைச்சேண்ணே.”

வைரக்கண்ணு போர்டை அண்ணாந்து பார்த்தார். மகன் பெயர் இரண்டு தடவை ஓடும் வரை நின்று படித்தார். “பாக்க லட்சணமாத்தான் இருக்கு. காலையில முகூர்த்தம் முடியற வரைக்கும் இப்படியே ஓடட்டும். மத்த ரெண்டு கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசுவோம்.”

அவர் உள்ளே போனதும் பஞ்சநதம் நெஞ்சை நிமிர்த்தினார். போன உயிர் திரும்பி வந்துவிட்டது. அதோடு கோபமும் திரும்பி வந்துவிட்டது. ரெஜினைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தினார்.

“பாத்தியா? நான் போட்ட சத்தத்துல மின்வாரியத்துக்காரன் நடுங்கிப்போயிட்டான். ஃபேஸ் ஒழுங்கா நிக்குது பாரு. இந்தக் காலத்துல நம்ம வீட்டு ஆளுங்களைத் தவிர ஒருத்தனையும் நம்பக் கூடாது. நீ படிச்சவன், சொன்ன மாதிரி ஒண்ணாவது நடந்துச்சா? யூபிஎஸ்ஸுல முடியை இழுக்கிறாளுக. கவுன்சிலருக்குப் படிக்கத் தெரியுது, யோசிக்கத் தெரியல. அந்த போட்டோக்காரன் வேற, ஊர்ல ஒருத்தனும் இல்லாத மாதிரி என்னையே சுத்திச் சுத்தி வர்றான். எல்லாருமாச் சேந்து என்னைக் கவுக்கப் பாத்தீங்க!”

ரெஜினின் பார்வை பஞ்சநதத்தின் தோளுக்குப் பின்னால், வளைவுக்குக் கீழே போயிருந்தது. அங்கே போட்டோக்காரர் ஸ்டூல்மேல் ஏறி வாகாக நின்றுகொண்டிருந்தார். பிரகதாம்பாள் புடவை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு, கலைந்திருந்த பூவைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் சாவிக்கொத்து இல்லை.

மூஸா ஜெனரேட்டர் பக்கமிருந்து மெதுவாக நடந்துவந்தார். சாவிக்கொத்து அவர் கையில் இருந்தது. பஞ்சநதத்தின் காதருகே மரியாதையாகக் குனிந்தார்.

“ஐயா, முகப்பு மெயினை இன்னொரு தடவை இறக்கி ஏத்தலாமான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க, இதுவரைக்கும் இறக்கி ஏத்தி எடுத்த போட்டோ அத்தனையிலயும் நீங்க போர்டையே முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்களாம், ஒண்ணுலகூட அவங்க பக்கம் திரும்பலையாம்.”